அட்டைக்கால் பட்டாளம்

அவன் ஜெயித்தவற்றை முதலிலேயே சொல்லிவிடலாம், பின்னால் சொன்னால் கதை விடுவதாக நினைப்பார்கள். குள்ளன் என்று தள்ளப்பட வேண்டியவன் பட்டாளத்தில் இடம் பிடித்தான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன் எழுதப் பழகினான். தன் படைக் கம்பெனியில் பாதிப் பேர் திரும்பாத பின்வாங்கலிலிருந்து சில கால்விரல்களை மட்டும் விட்டுவிட்டு நடந்தே வந்து சேர்ந்தான். ஊரே எழுந்து நின்று வழிவிட்ட முதலாளியின் முகத்தைப் பார்த்துப் பேசினான். கல்லில் சேர்க்க மறுத்த பெயர்களைக் கல்லில் ஏற்றினான். இத்தனையும் செய்தவன் ஒரு பூட்ஸ் தொழிற்சாலையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தவன்.

வாய் நிறையப் பொடி ஆணிகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நாக்கால் உதட்டுக்குத் தள்ளி எடுத்து, தோலை மர அச்சின் மேல் இழுத்து அடிப்பது அவன் வேலை. வாயில் ஆணி இருந்தால் பேச முடியாது. இல்லாதபோதும் அவன் பெரிதாகப் பேசியதில்லை. எல்லோருக்கும் அவன் பெயர் ஆணி என்றே ஆகிவிட்டது. அவனுக்கும் சேர்த்துப் பேச வீட்டில் அக்கா இருந்தாள். அதே தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பிரிவு. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் ஜோடி மாறிய பூட்ஸ் ஒன்றுகூட அவள் கையைத் தாண்டிப் போனதில்லை.

போர் தொடங்கியதும் ராணுவத்துக்கு பூட்ஸ் செய்யும் ஒப்பந்தம் முதலாளிக்குக் கிடைத்தது. நல்ல தோல் விலை ஏறியிருந்தது. மேஸ்திரிக்கு ஆட்களின் காதைத் திருகும் பழக்கம் இருந்ததால் இடுக்கி என்று பெயர். அவன் மேசை மேசையாக வந்து, அடித்தோலுக்கு உள்ளே அழுத்திய காகித அட்டையை வைக்கச் சொன்னான். எவன் காலுக்கோ போகிறது, உங்கள் பாட்டன் காலுக்கா போகிறது என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஆணியும் சிரித்தான், அட்டையும் வைத்தான். பூட்ஸ் கனமே இல்லையே என்று அக்கா கேட்டதற்கு, உன் வேலையைப் பார் என்று சோற்றுத் தட்டைப் பார்த்தபடியே சொன்னான். அவள் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. பெட்டிகளை மட்டும் கட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

கொஞ்ச நாளில் முதலாளிக்கு அடுத்த ஆசை வந்தது. பணம் இருந்தது, கார் இருந்தது, மார்பில் குத்திக்கொள்ளத்தான் ஒன்றும் இல்லை. ஒரு நாள் முற்றத்தில் தோல் மூட்டைகளின் மேல் ஏறி நின்று, ஊருக்கென்று ஒரு தொண்டர் பட்டாளம் திரட்டப் போவதாக அறிவித்தார். சேர்ந்து வேலை செய்தவர்கள் சேர்ந்தே சண்டை போடலாம், திரும்பி வந்தால் அதே மேசை காத்திருக்கும் என்றார். வராதவர்களின் மேசையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தச் சொல்லாத வார்த்தைதான் எல்லோர் காதிலும் விழுந்தது. பட்டாளத்தில் தோல் வெட்டுபவர்கள் ஒரு கம்பெனி, ஆணி அடிப்பவர்கள் ஒரு கம்பெனி. முதலாளி மேஜர் ஆனார். இடுக்கி சார்ஜென்ட் ஆனான், காது திருகுவதற்கு இனி சட்டமும் துணை.

ஆணி தன் ஷூவுக்குள் அதே அட்டையை அடுக்கிக்கொண்டு போய் அளவுகோலின் கீழ் நின்றான். ஆள் குறைவாக இருந்ததால் யாரும் ஷூவைக் கழற்றச் சொல்லவில்லை.

"அந்தாளு மெடல் குத்திக்கிறதுக்கு நீ ஏன்டா போற?" என்றாள் அக்கா.

"போகலன்னா மேசை போயிடும்க்கா."

"போனா நீயே போயிடுவடா, கூறுகெட்டவனே."

பயிற்சி முகாமில் பெட்டிகளை உடைத்தபோது எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். உள்ளே இருந்தவை அவர்கள் செய்த பூட்ஸ்தான். பிறகு ஆளாளுக்குக் குதிகாலைத் திருப்பிப் பார்த்தார்கள். ஒவ்வொருவனுக்கும் அங்கே ஓர் அடையாளம் உண்டு. ஆணியின் அடையாளம் முக்கோணமாக மூன்று ஆணிகள். தான் அடித்ததை அடுத்தவன் தலையில் கட்டிவிட்டு, அடுத்தவன் அடித்ததைத் தான் வாங்கிக்கொண்டார்கள். எல்லாவற்றிலும் அட்டை இருந்ததை எல்லோரும் அறிவார்கள், இருந்தும் மாற்றிக்கொண்டார்கள்.

அந்தக் கம்பெனியில் வெளியாள் ஒருவன்தான். கடைப் பலகை எழுதும் பெயிண்டர். மிச்சம் கிடந்த ஜோடியை எடுத்துக்கொண்டு, இந்த முக்கோணம் யாருடையது என்று விசாரித்தான். தன்னுடையது என்றான் ஆணி.

"அப்ப நல்லாத்தான் இருக்கும்" என்று பெயிண்டர் காலை நுழைத்தான்.

அன்று ஆணியின் வாயில் ஆணி எதுவும் இல்லை. இருந்தும் அவன் வாயைத் திறக்கவில்லை.

போர்முனையில் பெயிண்டருக்கு வேறு வேலை வந்தது. செத்தவர்களின் பெயரைப் பலகையில் எழுதிப் புதைத்த இடத்தில் நட வேண்டும். ஆணி பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவான். உட்கார்ந்து உட்கார்ந்தே எழுத்துகள் அவனுக்குப் பிடிபட்டன. பெயிண்டரின் கையில் குண்டுச்சிதறல் பட்ட பிறகு பிரஷ் ஆணியின் கைக்கு வந்தது. அந்த பிரஷ்ஷால் உயிரோடு இருப்பவன் பெயரை விளையாட்டுக்குக்கூட எழுதக் கூடாது என்பது பட்டாளத்தில் எழுதாத சட்டம். அதனால் ஆணிக்குத் தன் பெயர் மட்டும் எழுதிப் பழக்கமில்லை. சம்பளத்துக்கு எப்போதும் போலக் கைரேகைதான்.

பின்வாங்கும்போது பனிச்சேறு முழங்கால் வரை இருந்தது. அட்டை ஊறிக் கூழாகி, அடித்தோல் வாயைப் பிளந்தது. கந்தல் சுற்றி நடந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாலையோரம் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. பெயிண்டரை ஆணி முதுகில் சுமந்து வந்தான். இடுக்கி துப்பாக்கிக் கட்டையால் இடித்து, இறக்கிப் போட்டுவிட்டு நடக்கச் சொன்னான். ஆணியின் கால்களும் அதற்குள் மரத்துப்போய், இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள். எழுந்தவன் ஒருவன்தான். பெயிண்டருக்குப் பலகை எழுத யாருக்கும் நேரமில்லை.

முன்னமே காரில் போய்ச் சேர்ந்துவிட்ட மேஜர், சாலையோரம் உட்கார்ந்தவர்கள் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிப்போனவர்கள் என்று மேலிடத்துக்குச் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்தவர்களை ஊர் அட்டைக்கால் பட்டாளம் என்று கூப்பிட்டுச் சிரித்தது. தொழிற்சாலை வாசலில் செத்தவர்கள் பெயரோடு கல் நின்றது. சாலையோரம் உட்கார்ந்த ஒருவன் பெயரும் அதில் இல்லை. தெருக்குழாயில் பெயிண்டரின் மனைவி குடத்தை வைத்தால், ஓடிப்போனவன் பொண்டாட்டி கடைசியில் நிற்கட்டும் என்று நகர்த்திவைத்தார்கள். நகர்த்திய கைகளில் சில அந்த அட்டையை வெட்டிக் கொடுத்த கைகள். அக்காவுக்கு அந்தக் கைகளை நன்றாகத் தெரியும்.

சாலையோரம் உட்கார்ந்தவர்கள் ஓடிப்போனவர்களா, பெயர் கல்லில் ஏற வேண்டியவர்களா என்று அரசாங்கம் விசாரணை வைத்தது. யார் வேண்டுமானாலும் வாக்குமூலம் தரலாம். கைரேகை வைப்பவனாக இருந்தால் அவன் பட்டாளத்து அதிகாரி ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உயிரோடு இருந்த ஒரே அதிகாரி மேஜர். அவர் நிம்மதியாகத்தான் வந்து உட்கார்ந்தார். பின்னால் இடுக்கி நின்றான். ஆணி நொண்டிக்கொண்டு அக்காவோடு உள்ளே போனான்.

"அட்டை வச்சது யாரு? நீதான?" என்றார் மேஜர்.

"நான்தான். மூணு ஆணி, முக்கோணம். வைக்கச் சொன்னது நீங்க. ரெண்டையும் எழுதிக்கட்டும்."

குமாஸ்தா இரண்டையும் எழுதி, படித்துக் காட்டி, மைப்பெட்டியை நகர்த்தினார். மேஜர் தன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"கட்டைவிரலை நான் வேணா பிடிச்சு வைக்கட்டுமா?" என்றான் இடுக்கி.

ஆணி மைப்பெட்டியைத் தள்ளிவிட்டுக் குமாஸ்தாவிடம் பேனா கேட்டான். வாங்கியவன் எழுதாமல் நின்றான். என்னடா என்பதுபோல அக்கா அவனைப் பார்த்தாள்.

"உசிரோட இருக்கிறவன் பேரை எழுதினதில்லக்கா."

"இந்த ரூம்ல உசிரோட இருக்கிறதே நீ ஒருத்தன்தான். எழுதுடா."

பலகையில் எழுதுவதுபோலப் பெரிய பெரிய எழுத்தாக எழுதினான். பெயர் கோட்டைத் தாண்டி விளிம்பு வரை போயிற்று. மேஜர் எட்டிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். யாரும் எடுத்துத் தரவில்லை. குமாஸ்தா மை காயும்வரை காத்திருந்து, அதன் கீழே தேதி போட்டார். போர் முடிந்த மறு வருடம், மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை.