கம்ப்யூட்டரை எழுப்பிய தனலட்சுமி அம்மா

மடை திருப்பிக்கொண்டிருந்தேன். என் மகன் சேகர் வரப்பில் வந்து நின்றான். "நைனா, கம்ப்யூட்டர் கடை தனலட்சுமி அக்கா போய்ட்டாங்க. திருப்பதி ஆஸ்பத்திரில." மண்வெட்டியைக் கீழே போட்டேன். காலடியில் ஓடிய தண்ணீர் அவர் மீட்டுக் கொடுத்தது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள்.

எங்கள் ஊர் மெட்ராஸிலிருந்து ஆந்திராவுக்கு மாறியபோது எல்லைக்கல் நட்டார்கள். முனுசாமி அண்ணன் அவர்களுக்கு அளவுச் சங்கிலி பிடித்தார். அந்தக் கற்களை ஒட்டித்தான் எங்கள் கால்வாய். பிற்பாடு கற்கள் முள்ளில் மறைந்தன. மேல்பக்கத்தார் இங்கே கால்வாயே கிடையாது என்று மண்ணைக் கொட்டி அடைத்தார்கள். இந்தப் பக்கத்துக் கற்கள் எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் அண்ணனுக்கு மட்டும்தான். சாவதற்கு முன் எந்தக் கல் எங்கே என்று அவர் தப்படிக் கணக்கோடு சொன்னதைச் சேகர் கம்ப்யூட்டரில் அடித்து வைத்தான். சர்வேயர் வர ஒரு நாள்தான் இருந்தது, கம்ப்யூட்டர் எழவில்லை.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் சத்தியவேடு போனோம். கடையில், அண்ணன் சொன்ன கணக்கு உள்ளே இருப்பதைச் சொன்னோம்.

"இன்னா பண்ணீங்க இத?" என்றார் தனலட்சுமி அம்மா.

"ஒண்ணும் பண்ணலக்கா," என்றான் சேகர்.

"பொய் சொல்றான்மா," என்றேன். "ஆயுத பூஜைக்கு மூடியக் கழட்டி, உள்ள இருந்த ரெண்டு அட்டைய உருவித் தொடச்சான், சந்தனக் கையோட. அதுலேர்ந்து கத்திக்கினே கீது."

"எப்டி கத்துது நைனா?"

"நீளமா ஒண்ணு. நிறுத்தி, நீளமா ஒண்ணு."

அவர் சேகரைப் பார்த்துச் சிரித்தார். "வூட்ல ஒருத்தருக்காவது காது கீதே."

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரால், ரேம் என்று அவர் சொன்ன அந்த அட்டைகளின் பல்லைத் தேய்த்து மாட்டினார். கத்தியது. மறுபடி தேய்த்தார். மறுபடியும் கத்தியது. சேகர், "வுட்டுடுங்கக்கா, புதுசு வாங்கிக்கலாம்," என்றான்.

"புதுசுல அந்தப் பெரியவரு சொன்னது இருக்குமா? நகுரு."

மதியம் தாண்டிவிட்டது. "போய்த் துன்னுட்டு வாம்மா," என்றேன்.

"இது எழுந்துக்காம எனக்குச் சோறு எறங்காது நைனா. கெடாதத ஒண்ணொண்ணா ஒதுக்கிக்கினே வந்தா, கெட்டது மாட்டியே தீரும்."

ஒரு அட்டையை எடுத்து வைத்துவிட்டு மற்றதை மட்டும் போட்டார். கத்தியது. அதைக் கழற்றிவிட்டு, எடுத்து வைத்ததை மாட்டினார். இம்முறை குட்டையாக ஒரே ஒரு சத்தம், திரையில் வெளிச்சம். அண்ணன் சொன்னதைக் காகிதத்தில் எடுத்துக் கொடுத்த பிறகுதான் சாப்பிடக் கை கழுவினார். கிளம்பும்போது அந்த ரப்பரை என் சட்டைப்பையில் போட்டார். "உம் புள்ள அடுத்த பூஜைக்கும் சும்மா இருக்க மாட்டான்."

மறுநாள் சர்வேயர் அந்தக் காகிதத்தைப் பார்த்துத் தப்படி எண்ணினார். எண்ணி நின்ற இடத்தில் முள்ளை வெட்டினோம். கல் இருந்தது. கால்வாயைத் திறந்தார்கள்.

இந்த ஆயுத பூஜைக்குப் பெட்டியை யாரும் தொடவில்லை. கறுத்துப் போன அந்த ரப்பரை அதன்மேல் வைத்து, அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தேன். தண்ணீர் வருகிறது அம்மா. நிம்மதியாகப் போய் வாருங்கள்.