பங்களா மேடும் தபால் சைக்கிளும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் பங்களா மேடு என்று ஓர் ஏற்றம் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. "ரோட்டு மேல யாராச்சும் கோவப்படுவாங்களா?" என்று என் மனைவி கேட்பாள். கோபம் ரோட்டின் மேல் இல்லை. அந்த ரோட்டில் நான் எத்தனை ஆயிரம் தடவை சைக்கிளை விட்டு இறங்கினேன் என்பதை நினைத்துத்தான்.

நான் தோட்டத்துத் தபால்காரனாக இருந்தேன். அரசாங்க உத்தியோகம் இல்லை, தோட்டத்து ஆள்தான். நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு நேராகக் கடிதம் வராது. லயத்து ஒற்றை அறைக் காம்பராவுக்கு விலாசமே கிடையாது. எல்லாருடைய கடிதமும் பதுளை ரோட்டிலுள்ள கடைவீதித் தபால் கந்தோருக்கு ஒரே பையில் வந்து சேரும். நான் காலையில் இறங்கிப் போய் ஒன்பதரை மணி பஸ்ஸில் வரும் பையை வாங்கி, மேலே தோட்டத்து மேலாளரான துரையின் ஆபீசில் கொடுக்க வேண்டும். ஐந்து கட்டை, அதாவது ஐந்து மைல் தூரம். போகும்போது இருபது நிமிஷம், பிரேக்கைப் பிடித்தால் போதும். வரும்போது ஒன்றரை மணி நேரம் சைக்கிளைத் தள்ள வேண்டும். அதைச் சைக்கிள் என்று சொல்வதை விட, பையை வைத்துத் தள்ளும் வண்டி என்று சொல்லலாம்.

ஒரு மழைக்காலத்தில் ரோட்டோரம் தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் வழுக்கி விழுந்தேன். பை நனையாமல் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே விழுந்ததால் வலது முட்டி கல்லில் மோதியது. பைக்கு ஒன்றும் ஆகவில்லை. டொக்டர் முட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இனி மேடு ஏறாதீங்க" என்றார். எங்கே குடியிருக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை.

அதன் பிறகு பை பன்னிரண்டு மணிக்குத்தான் ஆபீசுக்கு வந்தது. பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டவர் இல்லை. ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்.

"பதினொரு மணிக்குத் துரை மேசையில கடிதம் இருக்கவேணுமாம். உம்மால ஏலாதெண்டால் வேற ஆளைப் போடச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாசத்திலயிருந்து உமக்கு மலை வேலை."

மலை வேலை என்றால் கவ்வாத்து வெட்டுவது. சரிவில் நாள் முழுக்க நின்று தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்ட வேண்டும். இந்த முட்டியோடு நான் ஒரு வாரம் தாங்கமாட்டேன். வேலைக்குப் போகாதவனின் பேரைப் பதிவிலிருந்து வெட்டுவார்கள். பேர் போனால் காம்பராவும் போகும். நான் "சரிங்கய்யா" என்றேன். எனக்கு ஆபீசில் அதைத் தவிர வேறு பேச்சு வராது.

கடைவீதியில் பை வரும்வரை நான் ஒதுங்கி நிற்பது பேட்டரி சார்ஜ் போடும் கடையில். எங்கள் லயங்களில் அப்போது கரண்ட் இல்லை. டிவி பார்க்கிறவர்கள் எல்லாரும் கார் பேட்டரி வைத்திருப்பார்கள், தீர்ந்ததும் சுமந்து வந்து அங்கே சார்ஜ் போடுவார்கள். கடைக்காரர் சிங்களவர். எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுவார். பாஸ் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அன்றைக்கு அவர் மேசையில், உடைந்த வேன் ஒன்றின் ரேடியேட்டர் விசிறியிலிருந்து கழற்றிய மோட்டார் கிடந்தது. வயரைத் தொட்டதும் அது மேசையில் துள்ளியது.

"பாஸ், இது ஒரு சைக்கிள் சக்கரத்தைச் சுத்துமா?"

"சுத்தும். ஆனா ஒங்களையும் சேத்து ஏத்துமான்னு தெரியாது. நீங்க பெடல் மிதிச்சா அது ஒதவி செய்யும். நீங்க சும்மா ஒக்காந்தா அதுவும் ஒக்காந்துரும்."

பத்து நாள் செய்தோம். கேரியருக்குக் கீழே மோட்டாரைப் பூட்டி, அதன் அச்சில் ஒரு சின்ன இரும்பு உருளையை மாட்டினார். ஒரு ஸ்பிரிங் அந்த உருளையைப் பின் டயரின் மேல் அழுத்திப் பிடித்தது. உருளை சுற்றினால் டயரும் சுற்றும். வழுக்காமல் இருக்க உருளையில் அரத்தால் கோடு கீறினார். பேட்டரிக்குத் தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு கூடு அடித்து, சைக்கிள் பாருக்குக் கீழே கட்டினோம். சுவிட்ச் ஹேண்டிலில்.

பேட்டரியால்தான் வீட்டில் சண்டை. அது எங்கள் டிவி பேட்டரி. எங்கள் காம்பராவில் பாதி லயமே வந்து உட்கார்ந்து நாடகம் பார்க்கும்.

"அக்கா, ஒங்க டிவி இப்ப மலை ஏறுதாமே" என்றாள் அடுத்த காம்பராக்காரி. "நாடகத்துல வர்ற அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையான்னு இனிமே ஒங்க வீட்டுக்காரர் சைக்கிள்கிட்டதான் கேக்கணும்."

"அது கல்யாணம் கட்டி என்னாத்துக்கு" என்றாள் என் மனைவி. "இங்க ஒரு மனுசன் முட்டி ஒடைஞ்சு நிக்கிறாரு. ஞாயித்துக்கிழமை மட்டும் பாத்துக்கலாம், போ."

சைக்கிள் ஏறியது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாக முதுகை வளைத்துத் தள்ளிய மேடுகளில், முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து போனேன். மிதிக்கத்தான் வேண்டும், ஆனால் யாரோ பின்னாலிருந்து கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. ஒரே ஒரு குறை. ஓடிக்கொண்டே மேட்டுக்கு வந்தால் ஏறும். மேட்டின் நடுவில் நின்றுவிட்டால் மறுபடி எடுக்காது. உருளை டயரில் உரசிக்கொண்டு கிடக்குமே தவிர சக்கரம் நகராது.

இங்கேதான் பங்களா மேடு வருகிறது. தோட்டத்திலேயே செங்குத்தான ஏற்றம் அது. அதன் சரிபாதியில் துரை பங்களாவின் கேட். அந்தக் கேட்டுக்கு முன்னால் சைக்கிளில் வருகிறவன் இறங்க வேண்டும், இறங்கிச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடந்து கடக்க வேண்டும். நடந்து வருகிறவர்கள் குடையை மடக்க வேண்டும், மழையானாலும். என் அப்பா காலத்தில் ஒருவர் இறங்காமல் போனதற்கு மூன்று நாள் அவருக்குப் பேர் போடவில்லை, கூலியும் இல்லை. அப்பா என்னை முதன்முதலாகச் சைக்கிளில் ஏற்றியபோது, ஓட்டப் பழக்குவதற்கு முன்னால் அந்த இடத்தில் இறங்கத்தான் பழக்கினார். தொண்ணூறுகளில் தோட்டங்கள் கம்பெனிகளிடம் போயின. துரைமார் மாறிக்கொண்டே இருந்தார்கள். யாரும் இறங்கச் சொல்லவில்லை. யாரும் இறங்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாங்கள் இறங்கிக்கொண்டே இருந்தோம்.

பையோடு முதல் நாள் வந்தேன். பங்களா மேட்டில் பாதி ஏறும்வரை மோட்டார் நன்றாக இழுத்தது. மணி பத்தரைகூட ஆகியிருக்காது. கேட்டுக்குள்ளே துரை ரோஜாச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு முதுகைக் காட்டித்தான் நின்றார். நான் வருவதையே அவர் பார்க்கவில்லை. இறங்கக்கூடாது என்று கீழேயிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். என் வலது கால் தானாக எழும்பிச் சீட்டைத் தாண்டி இறங்கிவிட்டது.

கால் இறங்கியது, கை சுவிட்சை அணைக்கவில்லை. சைக்கிள் நின்றுவிட்டது, உருளை நிற்கவில்லை. நின்ற டயரை அறுத்துக்கொண்டு சுற்றி, சிக்கி, மோட்டாரிலிருந்து நீலப் புகை வந்தது. சத்தம் கேட்டுத் துரை திரும்பினார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். அவர் ஒருமுறை தலையை ஆட்டிவிட்டு மறுபடி செடிப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பேட்டரியும் கருகிய மோட்டாருமாகச் சேர்ந்து கனத்த சைக்கிளை மிச்ச மேட்டிலும் அதற்கு மேலும் நின்று நின்று தள்ளினேன். ஆபீசுக்குப் போனபோது மணி பன்னிரண்டு.

"மோட்டார் பூட்டியும் பன்னிரண்டோ?" என்றார் கிளாக்கர். "மாசம் முடிய இன்னும் நாலு நாள்தான் இருக்கு."

அப்போது நான் என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ஆபீசில் ஒரு கேள்வி கேட்டேன். "அய்யா, பங்களா கேட்டுக்கிட்ட எறங்கணும்னு எங்கயாச்சும் எழுதியிருக்குங்களா?"

அவர் பேனாவை வைத்தார். யோசித்தார். அலுமாரியைத் திறந்து இரண்டு பைல்களை எடுத்துப் புரட்டிக்கூடப் பார்த்தார். "எழுத்தில ஒண்டும் இல்லை" என்றார்.

"அப்ப எறங்காம போலாங்களா?"

"அதை நான் சொல்ல ஏலாது."

எழுதி வைக்காத ஒன்றுக்குப் பயந்து என் அப்பாவும் நானும் இறங்கியிருக்கிறோம். எழுதாததாலேயே அதை யாராலும் அடித்து அழிக்கவும் முடியவில்லை. அந்த அலுமாரியைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பு கொதித்தது. வெளியே வந்து பைப்பில் முகம் கழுவினேன்.

வீட்டில் என் மனைவி கருகிய மோட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒங்கள யாரு எறங்கச் சொன்னா? அந்தாளு முதுகக் காட்டிக்கிட்டு நின்னாருன்னு நீங்களே சொல்றீங்க. முதுகுக்கா சலாம் போட்டீங்க?"

மறுநாள் கருகிய மோட்டாரைப் பாஸிடம் கொண்டுபோனேன்.

பாஸ் வேறொரு மோட்டார் தேடிப் பூட்டினார், டயரையும் மாற்றினார். "மெசின்ல ஒரு கோளாறும் இல்ல" என்றார். "ஒங்க கால்லதான். ஒண்ணு செய்யவா? காலப் பெடலோட கட்டிப்புடவா?"

அவர் சிரிப்புக்குச் சொன்னார். நான் ஒரு பழைய டியூப் துண்டு கேட்டேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கட்டிக்கொண்டுதான் போனேன். பங்களா மேட்டின் அடியில், திருப்பத்துக்கு முன்னால் சமதரையில் நிறுத்தி, வலது பாதத்தைச் சுற்றி டியூப்பை இழுத்துப் பெடலோடு கட்டினேன். விழுந்தால் முட்டி மட்டும் போகாது, கணுக்காலும் சேர்ந்து போகும். அது தெரிந்தும் முடிச்சுப் போட்டேன். பிறகு ஓடவிட்டு, சுவிட்சைப் போட்டு, மிதித்தேன்.

துரை கேட்டருகில் நின்றார், இந்த முறை ரோட்டைப் பார்த்து. நான் முன் சக்கரத்தை மட்டும் பார்த்தேன். கேட்டின் தூண் பக்கவாட்டில் வந்தபோது வலது கால் எழும்பியது. சத்தியமாக எழும்பியது. டியூப் பாதத்தில் இறுகி அதை இழுத்துப் பிடித்தது. வலி முட்டிவரை ஏறியது. அந்தக் காலைத் திட்டிக்கொண்டே மிதித்தேன். துரை கையைத் தூக்கினார். நிறுத்தச் சொன்னாரா, வேறு எதற்காவதா, எனக்குத் தெரியாது. தூண் பின்னால் போய்விட்டது. மேட்டின் மேல் பாதியில் நான் முதல் தடவையாகச் சைக்கிளில் உட்கார்ந்து போனது அன்றைக்குத்தான்.

பையை ஆபீஸ் மேசையில் வைத்தபோது மணி பத்து ஐம்பது. கிளாக்கர் மணிக்கூட்டைப் பார்த்தார், பையைப் பார்த்தார், திறக்கவில்லை.

"துரை இப்பதான் போன் பண்ணினவர்."

"என்னா சொன்னாருங்க?"

"ஒவ்வொரு நாளும் கேற்றடியில நிக்கிற தபால்காரன் இண்டைக்கு நிக்காமப் போறான். சைக்கிளுக்குப் பிரேக் இல்லையோ எண்டு பார்க்கட்டாம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. மேடு ஏறுகிற சைக்கிளுக்குப் பிரேக் எதற்கு? பிறகு விளங்கியது. எங்களில் ஒருவன் அந்தக் கேட்டின் முன்னால் நிற்காமல் போவதற்கு அந்த மனிதருக்குத் தெரிந்த ஒரே காரணம் அதுதான். பிரேக் இருந்தால் நின்றிருப்பான். நாங்கள் நிற்பது அவருக்குத் தண்ணீர் கீழே ஓடுகிற மாதிரி. அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

"பிரேக் நல்லா இருக்குங்க" என்றேன். "நிறுத்தாமதான் வந்தேன். அதையும் சேத்து அவங்ககிட்ட சொல்லிருங்க."

கிளாக்கர் போனை எடுத்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மறுபக்கத்திலிருந்து அதிகம் பேச்சு வரவில்லை. போனை வைத்துவிட்டுப் பையைத் திறந்தார். "நாளைக்கும் இந்த நேரத்துக்கு வாரும்" என்றார். மலை வேலைப் பேச்சு அதன் பிறகு எழவில்லை.

இரண்டு மாதம் காலைக் கட்டிக்கொண்டு ஏறினேன். பிறகு ஒருநாள் கட்டாமல் ஏறினேன். கால் சும்மா இருந்தது.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் மனைவியும் கடைவீதிக்குப் போய்த் திரும்பினோம். அவள் நடந்தாள், நான் மெதுவாகக் கூடவே ஏறினேன். நல்ல மழை. பங்களாவில் யாரும் இல்லை, ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. கேட் அருகே வந்ததும் அவள் பேச்சை நிறுத்தாமலே குடையை மடக்கினாள். முதுகுக்கா சலாம் போட்டீங்க என்று என்னைக் கேட்டவள். மழை அவள் தலையில் விழுந்தது. அவள் கவனிக்கவே இல்லை.

நான் சுவிட்சை அணைத்துவிட்டு இறங்கினேன்.

"ஏன் எறங்கிட்டீங்க? இனி அது எடுக்காதே."

"கொடைய விரி."

"நாலு எட்டுதானே, தாண்டி விரிச்சுக்கிறேன். வாங்க."

"நீ இங்க விரி. அப்பதான் நான் நகருவேன்."

அவள் கேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் நனைந்தோம். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் குடையை விரித்தாள். அங்கிருந்து மேலே வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனேன்.