பொன்னாடை போர்த்திய ஷாக் பெட்டி

எங்கள் பள்ளிக்கு அந்தப் பெட்டி வந்த அன்று, அதற்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். மனிதர்களுக்குப் போர்த்தி முடித்தபின் ஒன்று மீந்திருந்தது. தலைமை ஆசிரியர் ஒரு கணம் யோசித்தார், பிறகு பெட்டிக்கே போர்த்திவிட்டார். புகைப்படக்காரர் "சார், இன்னொரு தடவை" என்றதும் உருவி எடுத்து மறுபடியும் போர்த்தினார்.

இருங்காட்டுக்கோட்டைப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி எங்களுடையது. பெண்கள் கழிப்பறைக்குக் கதவு கேட்டு மனு எழுதியே என் கையெழுத்து கெட்டுப்போனது. அந்தக் கதவு வரவில்லை. வந்தது, தாறுமாறாகத் துடித்து நிற்கப்போகும் இதயத்துக்கு மின்சாரம் கொடுத்து ஒழுங்காக ஓடவைக்கும் பெட்டி. கார் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனி கொடுத்தது. அவர்களுடைய முதலாளிகளின் நாட்டில் பள்ளிக்கூடம், ரயில் நிலையம், நூலகம் என்று எங்கு பார்த்தாலும் இதைச் சுவரில் மாட்டியிருப்பார்களாம். நல்ல விஷயம்தான். ஆனால் அதில் முக்கியமானதே சுவரில் மாட்டியிருப்பதுதான் என்பது எங்கள் ஆட்களின் மண்டையில் ஏறவில்லை.

கம்பெனி மேலாளர் உயிர் காப்பதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். வெயிலில் நின்ற பிள்ளைகளில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அவர் நிறுத்தவில்லை.

மறுநாள் கம்பெனி நர்ஸ் வந்து பெட்டியை எப்படி இயக்குவது என்று சொல்லிக்கொடுத்தார். திறந்தால் அடுத்து என்ன செய்வதென்று பெட்டியே குரல் கொடுக்கும், அதன்படி இரண்டு பட்டைகளை விழுந்தவர் மார்பில் ஒட்டினால் போதும். ஆசிரியர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்தினார்கள். முன்வரிசையில் நானும் எங்கள் அலுவலக உதவியாளரும் மட்டும். அவர் ஐம்பதைத் தாண்டியவர், உள்ளூர்க்காரர், ஏற்கெனவே ஒரு அட்டாக் வந்து பிழைத்தவர். நர்ஸ் சொன்ன ஒவ்வொன்றையும் தன் உயிர் சமாசாரமாகவே கேட்டுக்கொண்டிருந்தார். வேறு எப்படிக் கேட்பார்?

"மிஷினு இங்கிலீஷ்லயே பேசிக்கினு கீது டீச்சர்," என்றார் வெளியே வரும்போது. "எனக்கு இன்னா புரியும்? நான் வுழுந்தா நீங்கதான் வந்து ஒட்டணும். வந்துடுவீங்க இல்ல?"

"வந்துடுவேண்ணா," என்றேன்.

பெட்டியை எங்கே வைப்பது என்று ஒரு கூட்டம் போட்டார்கள். வராண்டாச் சுவரில் மாட்டலாம் என்றேன். "மாட்டினா நாளைக்கே இருக்காது டீச்சர். பசங்க நோண்டிடுவாங்க," என்றார் தலைமை ஆசிரியர். பள்ளியிலேயே இரும்புக் கதவு போட்ட ஒரே அறைக்குள் அது போனது. ஆயுத பூஜை அன்று மட்டும் வெளியே எடுத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரிகளெல்லாம் அறைக்குள் எட்டிப் பார்த்து, பத்திரமாக வைத்திருக்கிறீர்கள் என்று மெச்சிவிட்டுப் போனார்கள்.

மார்ச்சில் பொதுத்தேர்வு. சுற்று வட்டாரப் பள்ளிகளுக்கான வினாத்தாள் கட்டுகளை எங்கள் பள்ளியில்தான் காவலில் வைப்பார்கள். அதற்கும் அதே இரும்புக் கதவு அறைதான். "பெட்டிய வெளிய எடுத்துடலாம் சார்," என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். "ஒரு மாசம்தானே டீச்சர், அதுக்குள்ள யாருக்கு என்ன ஆயிடப் போகுது? வாசல்ல போலீஸ் வேற. இதைவிடப் பத்திரம் எங்க கிடைக்கும்?" என்றார். இதை ஆசிரியர் அறையில் நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்தேன். அதோடு என் கடமை முடிந்ததாக நினைத்துக்கொண்டேன்.

ஆங்கிலத் தேர்வு அன்று காலை கட்டுகளை எடுத்துக் கொடுத்துவிட்டு, அறையைப் பூட்டி, பூட்டின் மேல் கையெழுத்துப் போட்ட தாளைச் சுற்றி அரக்கு வைத்தார்கள். பதினோரு மணி இருக்கும். தேர்வறைகளுக்குத் தண்ணீர் எடுத்துப்போன உதவியாளர் குடத்தோடு வராண்டாவில் விழுந்தார். அந்தக் கதவிலிருந்து இருபது அடிகூட இருக்காது. விளையாட்டு ஆசிரியர் மண்டி போட்டு மார்பை அழுத்த ஆரம்பித்தார். நான் கதவுக்கு ஓடினேன்.

"மேலிடத்து ஆர்டர் எழுத்துல இல்லாம தொறக்க முடியாது மேடம்," என்றார் காவலுக்கு நின்ற போலீஸ்காரர். தலைமை ஆசிரியர் செல்போனில் மேலதிகாரியைத் தேடினார். அவர் மீட்டிங்கில் இருந்தார்.

"சார், சாவி உங்ககிட்ட இருக்கு. சீல உடைச்சுத் தொறங்க. ஆள் போயிடுவாரு," என்று கத்தினேன்.

"உள்ள இன்னும் மூணு பரீட்சைக் கட்டு இருக்கு டீச்சர். நீங்க சொல்லித்தான் சீல உடைச்சேன்னு எழுதிக் குடுங்க. உடனே தொறக்கறேன்," என்றார்.

எங்கள் பள்ளியில் ஒரு சாக்பீஸ் கேட்டால் அரை மணி ஆகும். அன்று வெள்ளைத்தாளும் பேனாவும் கேட்காமலே வந்தன. பேனாவை வாங்கினேன். வினாத்தாள் வெளியானது என்று எவனாவது கிளப்பிவிட்டால் முதலில் என் கையெழுத்தைத்தான் காட்டுவார்கள், விசாரணை, சஸ்பெண்ட், பேப்பரில் பெயர் என்று எல்லாம் ஒரு நொடியில் ஓடியது. இவ்வளவு நேரம் பிறரை ஏளனம் செய்கிறேனே, அந்த நொடியில் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். "நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க சார்," என்றேன்.

அவர் முடிவு பண்ணவில்லை. உதவியாளரை ஷேர் ஆட்டோவில் ஏற்றினார்கள். நெடுஞ்சாலையைத் தொடுவதற்குள் உயிர் போய்விட்டது என்று விளையாட்டு ஆசிரியர் வந்து சொன்னார். சொல்லிவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் போனார்.

தேர்வு முடிந்ததும் அதிகாரி வந்தார். இப்படி ஒரு அசம்பாவிதத்திலும் சீல் உடையாமல் காத்ததற்காகத் தலைமை ஆசிரியரைப் பாராட்டினார். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். வெட்கங்கெட்ட கை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் வீட்டுக்குப் போனோம். அவருடைய மனைவி என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இதுக்குன்னே உங்க ஸ்கூல்ல ஒரு மிஷினு கீதுன்னு வூட்ல சொல்லிக்கினே இருப்பாரு. அத வெச்சுப் பாத்தீங்களா டீச்சர்?"

எதிரே தலைமை ஆசிரியர் கையிலிருந்த காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெச்சுப் பாத்தோம்மா," என்றேன்.

அந்த அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அது போதும் டீச்சர். அதுக்கு மேல நீங்க இன்னா பண்ணுவீங்க?"