படுவான்கரைக்கு ஒரு மிசின் பெட்டி

காலை ஏழு மணிக்குக் காத்தான்குடியிலிருந்து கிளம்பினோம். நானும் என் மனைவியின் தம்பி றாசிக்கும். லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மிசினில் பூட்டி இழுக்கிற வண்டியை எங்கள் பக்கத்தில் மிசின் பெட்டி என்போம். கப்பலில் வந்த புதுப் பெட்டி ஒன்றைப் பூட்டி, அதன் முன்பலகையில் இருந்து றாசிக் ஓட்டினான். நான் உள்ளே சாக்கை விரித்து, மாப்பிள்ளைபோல் அமர்ந்து போனேன்.

நான் இரும்புக்கடைக்காரன். கடற்கரைப் பக்கம் இருந்த என் பழைய கடையைச் சுனாமி வழித்துக்கொண்டு போனது. பிரதான வீதியில் புதுக்கடை போட்ட பிறகுதான் இந்த இறக்குமதிப் பெட்டிகளைத் தருவித்தேன். யுத்தம் முடிந்து முதல் பெரும்போக அறுவடை நேரம், வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து புஷ்பம் என்றொரு பெண் கடைக்கு வந்தாள். சொந்தமாக வயல் செய்கிறவள். லாண்ட்மாஸ்டரும் அவளே ஓட்டுவாள். உள்ளூரில் ஒட்டிச் செய்த பெட்டி லட்சத்துக்கு மேல். நான் அறுபத்தையாயிரம் சொன்னேன்.

“விலையக் கேட்டாலே பயமாக் கிடக்கு காக்கா” என்றாள், அண்ணன் என்கிற முறையில். “சுனாமிக்குப் புறகு எங்களுக்கு நிவாரணமாச் சும்மா குடுத்த பெட்டியெல்லாம் ஒரு போகத்தோட விழுந்துட்டு. நீங்க கொண்டு வாங்க. என்ட நெல்ல ஏத்திப் பாத்துத்தான் எடுப்பன்.”

எங்கள் ஊர் முஸ்லிம் ஊர், படுவான்கரை தமிழர் கரை. யுத்த காலம் முழுக்க நான் அந்தக் கரையில் கால் வைத்ததில்லை. இப்போது நான் கொண்டுபோகும் முதல் பெட்டி இது. தாக்குப்பிடித்தால் அங்கே எனக்கு நல்ல பெயர். உடைந்தால், “காத்தான்குடியான் குப்பையைக் கொண்டுவந்து தலையில் கட்டினான்” என்பார்கள். என்னோடு சேர்ந்து ஊரின் பெயரும் நாறும். பயம் இருந்தது. ஆனால் பயத்தை முகத்தில் காட்டுகிற ஆள் நானில்லை.

ஆரையம்பதியில் தெற்கு வீதியை விட்டு மேற்கே திரும்பினால் மண்முனைத் துறை. எங்கள் கடையிலிருந்து ஆறேழு கிலோமீற்றர் வரும். போகிற வழியிலேயே, மலிவுப் பெட்டி வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சட்டமும் அச்சும் குறை சொல்ல முடியாத இரும்பு. ஆனால் திருகாணிகளை நம்பக்கூடாது, கையால் முறுக்கினாலே தலை கழன்று வரும். சில்லுக் குடத்துக்குள் கிறீஸ் என்ற பெயருக்கு ஏதோ பூசியிருப்பார்கள். அதனால் பெட்டி வந்திறங்கியதும் நானும் றாசிக்கும் நான்கு நாள் அதோடு மல்லுக்கட்டுவோம். குடத்தைத் திறந்து கழுவி, கிறீஸை நிரம்ப அடைத்து, ஆணியெல்லாம் மாற்றித்தான் கடை வாசலில் வைப்போம். கப்பலிலிருந்து நேரே வாங்குகிறவனுக்கு அது பாதிப் பெட்டி. என் கடையில் வாங்குகிறவனுக்கு முழுப் பெட்டி. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எட்டு மணி. மண்முனையில் பாலம் கிடையாது. ‘பாதை’ என்று ஒரு மிதவை இருக்கிறது. ஆளையும் மாட்டையும் மிசினையும் ஒன்றாக ஏற்றி மறுகரையில் விடும். துறையில் நின்ற ராணுவச் சிப்பாய் பெட்டியின் அடியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். பாதைக்காரர் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

“இதென்ன காக்கா, பிஸ்கட்டுத் தகரப் பேணியா?”

“தின்னுறெண்டா தின்னுங்க, பல்லுக்கு நான் பொறுப்பில்ல” என்றேன். பாதை முழுக்கச் சிரித்தது. வாவி அன்று எண்ணெய் ஊற்றினதுபோல் அசையாமல் கிடந்தது. ஆனால் மேற்கே வானம் கறுத்திருந்தது. மாசி மாதத்தில் மழை வந்தால், வெட்டி அடித்து வயலில் கிடக்கும் நெல் என்னாகும் என்பதை விவசாயியிடம் கேட்க வேண்டியதில்லை.

அக்கரையில் இறங்கினால் கிறவல் வீதி. கொக்கட்டிச்சோலையைத் தாண்டிப் போகப் போக, வட்டை வட்டையாக வயல் விரிந்து கிடக்கிறது. எங்கள் ஊரில் வீட்டுச் சுவரும் வீட்டுச் சுவரும் உரசிக்கொண்டு நிற்கும். இங்கே கண் போய்க் களைத்துத் திரும்புகிறது. கூரை எரிந்த வீடுகளில் புதுத் தகரம் மின்னியது. எத்தனை வருடம் இந்த மண்ணைப் பார்க்காமல் இருந்துவிட்டோம் என்று எனக்குத் துக்கமாகவே இருந்தது.

பத்து மணிக்கு வட்டையில் புஷ்பத்தைக் கண்டோம். நெல் மூடைகள் வரம்போரம் அடுக்கிக் கிடந்தன. அவள் வானத்தைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“எத்தின மூட தாங்கும்?”

பெட்டியில் ஆயிரம் கிலோ என்று எழுதியிருக்கிறது. பதினைந்து மூடை என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் சும்மா கிடக்காதே. “தங்கச்சி, இதுல ஆனையையும் ஏத்தலாம்” என்றேன்.

“ஆன எங்களிட்டக் கனக்கக் கிடக்கு. நெல்லுத்தான் வீட்ட போகணும். மழைக்கு முதல் ஒரு நடதான் ஏலும். எல்லாத்தையும் ஏத்துவம். நீங்களும் மேல ஏறி இருங்க.”

மொத்தம் இருபத்துமூன்று மூடை. அயலில் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வந்து ஏற்றிக் கொடுத்தார்கள். டயர் நசிந்து சப்பையானது. றாசிக் என் காதில், “மச்சான், அந்த ஆனைய விட்டிருக்கலாம் நீங்க” என்றான். மூடைகளின் உச்சியில் ஏறி அமர்ந்தேன். புஷ்பம் கைபிடியை வாங்கித் தானே ஓட்டினாள்.

வட்டையிலிருந்து அவள் வீடு இரண்டு கிலோமீற்றர் இருக்கும். நடுவில் ஒரு வாய்க்கால். அதில் இடது சில்லு விழுந்து எழும்பியபோது டமார் என்று ஒரு சத்தம். அல்லாஹ்வே என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் பின்கதவின் பிணைச்சல் பிய்ந்து தொங்குகிறது. மூன்று மூடை வாய்க்காலுக்குள்.

“ஐயோ, என்ட நெல்லு!” என்று புஷ்பம் தண்ணீருக்குள் பாய்ந்தாள். நானும் குதித்தேன். இரண்டு மூடையை ஊறுமுன் மீட்டோம், ஒன்று ஊறிவிட்டது. மூடை ஏற்றிவிட்டுப் பின்னால் நடந்து வந்த ஒருத்தர், “நான் செல்லல்லயா, சுனாமிச் சாமான் எண்டு” என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

புஷ்பம் பெட்டிக்கு அடியில் குனிந்து போனாள். அச்சை முழு நீளத்துக்கும் பார்த்தாள். பிறகு சில்லுக் குடத்தில் உள்ளங்கையை வைத்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே கிறீஸ் இல்லாவிட்டால், இந்தப் பாரத்துக்கு அது கையைப் பொசுக்கிவிடும்.

“சுடல்ல” என்றாள். மற்றச் சில்லையும் பிடித்தாள். “இதுவும் சுடல்ல. அச்சும் வளையல்ல. மறுகா என்ன பார்வை? கதவக் கட்டுங்க, மழை வருது.”

மூடைகளை மேலே இறுக்கியிருந்த கயிற்றை அவிழ்த்தால் எல்லாம் சரியும். வேறு கயிறில்லை. என் இடுப்பில் சாரனுக்கு மேல் அகலமான பச்சை பெல்ட்டு இருந்தது. கழற்றிக் கதவை இழுத்துக் கட்டினேன்.

“காக்கா, சாரன் கவனம்!” என்று சற்று முன் சுனாமிச் சாமான் என்றவரே கத்தினார். ஒரு கையால் சாரனைப் பிடித்தபடி மூடைக்கு மேல் ஏறினேன். கடைசி மூடை அவள் வீட்டுக்குள் போகவும், பெருந்துளியாக மழை கொட்டத் தொடங்கவும் சரியாக இருந்தது.

மழை பின்னேரம்தான் ஓய்ந்தது. அதுவரை பால் விடாத பிளேன் ரீ குடித்தபடி அவள் தீர்ப்புக்குக் காத்திருந்தேன்.

“அச்சு நல்லம், சில்லும் நல்லம்” என்றாள். “கதவு பிஸ்கட்டுத் தகரம். தடிச்ச தகரத்தில கதவு மாத்தித் தந்தா எடுக்கன்.”

“வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய நானே வந்து மாத்தித் தாறன். கதவுக் காசு வேணாம். இனி விக்கிற எல்லாப் பெட்டிக்கும் கதவு மாத்தித்தான் விப்பன்.”

“அதுவரைக்கும் உங்கட பெல்ட்டு இஞ்ச நிக்கட்டும். நனைஞ்ச நெல்ல அவிச்சுப் போடுறன். வெள்ளிக்கிழமை அந்தச் சோறுதான், வாவி மீன் கறியோட. பசியோட வாங்க.”

பணத்தைக் கொடுத்தாள், பெட்டியைக் கழற்றிக் கொடுத்தேன். அப்போதுதான் றாசிக் தலையில் கை வைத்தான். இரண்டு சில்லு மிசினில் பெட்டி இல்லாவிட்டால் இருக்க இடமே இல்லை. கைபிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டியதுதான்.

“வித்த சந்தோசத்துல இத யோசிக்கல்லயே மச்சான்.”

“நடடா. அவ எடுக்காம விட்டிருந்தா பெட்டியில இருந்துகிட்டு வந்திருப்பம். அந்தச் சொகுசு நமக்கு வேணாம்.”

நடந்தோம். கிறவல் சேறு முழங்கால் வரை தெறித்தது. படுவான்கரையில் பொழுது வயலுக்குள் விழுவதை அன்றுதான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எங்கள் கரையில் பொழுது கடலில் எழும்புவதைத்தான் பார்த்துப் பழக்கம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு வாவி மட்டும்தான். வாவியைக் கடந்து ஆரையம்பதி வீதியில் ஏறியதும், தெரிந்த முகமெல்லாம் கடைவாசலுக்கு வந்துவிட்டது.

“என்ன முதலாளி, இந்த வயசில மிசினுக்குப் பின்னால நடந்து வாறீங்க?”

“படுவான்கரையில பெட்டி வித்துட்டு வாறன்” என்றேன், ஒரு கையில் சாரனைப் பிடித்துக்கொண்டு. கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். கேட்காமல் சைக்கிளில் போன இரண்டு பேரை மறித்தும் சொன்னேன்.