சனிக்கிழமைச் சுடுதண்ணீர்

தொண்ணூறுகளில் நாங்கள் இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் இருந்தோம். அப்போது ஒரு சபையில் சில வருஷம் சேர்ந்திருந்தோம். அதன் பெயர் வேண்டாம். காய்ச்சல் வந்தால் மருந்து கூடாது, ஜெபம் போதும் என்பார்கள். சாமி கும்பிடுகிற வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க விடமாட்டார்கள். என் மகளுக்கு மூச்சு இழுத்த அன்று, சபையின் பேச்சை மீறித் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எங்களைப் போலவே சபையில் இருந்த எங்கள் வீட்டை ஒட்டிய காம்பராப் பெண்ணும் அவள் புருஷனும் கூட ஓடி வந்தார்கள். பிள்ளை பிழைத்தாள். அதோடு இரண்டு குடும்பமும் சபையை விட்டோம்.

விட்ட பிறகு எதை வைத்துக்கொள்வது, எதைப் போடுவது என்று என் வீட்டுக்காரர்தான் முடிவு செய்தார்.

"சாராயம் இனியும் வேணாம். படுக்க முந்தி ஜெபம் இருக்கட்டும். மத்ததெல்லாம் அவங்களோடயே போவட்டும்."

தலையாட்டினேன். சபை கூடாதென்ற பொட்டும் வைத்துக்கொண்டேன். ஆனால் நான் ஆசைப்பட்ட ஒன்றும் அதோடு போய்விட்டது.

சபையில் சனிக்கிழமை சாயங்காலம் புருஷன் சுடுதண்ணீரில் உப்புப் போட்டுப் பெண்சாதியின் காலைக் கழுவித் துடைக்க வேண்டும். கொழுந்து எடுத்து வந்த காலில் அட்டை கடித்த இடமெல்லாம் தினவெடுக்கும். அவர் நிமிராமல் கழுவுவார். நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பேன். என் காலை அதற்கு முன் யார் தொட்டார்கள்?

பக்கத்து வீட்டில் அதை விடவில்லை. எங்கள் நடுச்சுவர் கூரை வரை போகாது. சனிக்கிழமையானால் அங்கே பேசின் வைக்கிற சத்தம் கேட்கும்.

"ஐயோ, சுடுது!" என்று அவள் சிரிப்பாள்.

"கால ஆட்டாத புள்ள" என்பார் அவள் புருஷன்.

அடுப்பை ஊதிக்கொண்டிருக்கிற எனக்கு வயிறு எரியும். என் பிள்ளைக்காக ஓடி வந்தவள் அவள் என்பதுகூட அந்நேரம் ஞாபகம் வராது.

ஒருநாள் மலையில் கொழுந்து எடுக்கும்போது அவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"இன்னமும் கழுவுறாரா?"

"ஆமாக்கா. சபைய விட்டாலும் இத விட மாட்டேன்னு நாந்தான் அடம் புடிச்சேன். நீங்க அண்ணங்கிட்ட கேக்கலையா?"

"எப்படிக் கேக்குறது?"

"வாயாலதாங்கக்கா!"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குப் பொறாமை கூடித்தான் போயிற்று. அவளுக்கு அது தானாகக் கிடைக்கிறது என்று நினைத்திருந்த வரை பொறுத்துக்கொண்டேன். அவளோ கேட்டு வாங்கியிருக்கிறாள்.

அந்தச் சனிக்கிழமை நானே தண்ணீர் சுடவைத்து, உப்புப் போட்டு, பேசினை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். வாய் திறக்கவில்லை. அவர் தண்ணீரைப் பார்த்தார். தன் இரண்டு காலையும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கு புள்ள" என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அது என் காலுக்கு வச்ச தண்ணிங்க."

"என்னா?"

"சபையில செஞ்ச மாதிரி. அத மட்டும் வச்சுக்கலாங்க."

"லயத்துல பாத்தா சிரிப்பாங்களே."

"கதவச் சாத்துறேன்."

சாத்திவிட்டு வந்தேன். அவர் தன் காலை ஓரமாக ஒதுக்கி, "வையி" என்றார். கழுவவில்லை, இடம் கொடுத்தார். தண்ணீர் வழிந்து தரையெல்லாம் ஓடியது.

மகள் கல்யாணமாகிப் போன பிறகும் சனிக்கிழமைகளில் எங்கள் இரண்டு பேர் காலுக்கும் ஒரே பேசின்தான். பக்கத்து வீட்டில் அவள் புருஷன் கழுவி, துடைத்தும் விடுவார். எனக்கு அவள் மேல் இன்றைக்கும் பொறாமை உண்டு.