ரெண்டு மனு, ஒரே கையெழுத்து

கணக்கியல் படிக்கிற நான், துணைப்பாடமாப் பொதுக் கொள்கை ஆய்வு எடுத்திருக்கேன். முதல் அசைன்மென்ட்டுக்குப் மலேசியாவுல, புக்கிட் ரோத்தான்ல எங்க தாமான் குடியிருப்புல இருக்கிற வேகத்தடையைத் தலைப்பாப் பிடிச்சேன்.

அதைப் போடச் சொல்லி ஒரு மனு, எடுக்கச் சொல்லி இன்னொரு மனு. ரெண்டுலயும் சாப்பாட்டுக்கடை காதர் அங்கிள் கையெழுத்து!

இன்னைக்குக் கடைக்கே போய்க் கேட்டேன்.

“ரெண்டு கூட்டமும் நம்ம கடையிலதாம்மா டீ குடிக்கிது. எப்படி மாட்டேன்னு சொல்றது?”

“சரி, உங்களுக்கு எது வேணும் அங்கிள்?”

டீ ஆத்துற கை நின்னுடுச்சு. “இத யாரும் கேக்கலையேம்மா. இருக்கட்டும் லா, லோரியெல்லாம் மெதுவா போவுது.”

சந்தோஷமா எழுதிக்கிட்டேன். கடைசியா, பேட்டிக்கான சம்மதப் படிவத்தை நீட்டினேன்.

ஒரு வரிகூடப் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டார்.

நானும் அங்கதான் டீ குடிக்கிறேன். இப்ப அவர் சொன்னதை நம்பலாமா, நீங்களே சொல்லுங்க.