பத்து மணிக்குப் பிள்ளைக்காம்பராவுக்கு

தேயிலை விலை படுத்துவிட்ட காலம் அது. சேரம்பாடிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். வாரத்தில் பாதி நாள்தான் வேலை இருக்கும். அந்த நிலைமையிலும் எங்கள் மலையில் ஒரு வழக்கம் மட்டும் மாறவில்லை. காலை பத்து மணியானால் கைக்குழந்தைக்காரிகள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பால் கொடுக்கப் பிள்ளைக்காம்பராவுக்குப் போவார்கள். குழந்தைகளை ஆயா பார்த்துக்கொள்ளும் கட்டடத்துக்கு எங்கள் பேச்சில் அதுதான் பெயர். அவர்கள் வரும்வரை அவர்களுடைய நிரையில், அதாவது அவர்களுக்கென்று ஒதுக்கிய செடி வரிசையில், பக்கத்து நிரைக்காரி பறித்துப் போடுவாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அந்தப் பக்கத்து நிரைக்காரிதான். இறங்கிப் போகிறவர்களைப் பார்க்கக் கூடாது என்று நினைப்பேன், பார்த்துவிடுவேன். திரும்பி வரும்போது அவர்கள் மேல் ஒரு பால் வாசனை வருமே, அதற்காக அவர்கள் மேல் எனக்குக் கோபம்கூட வந்திருக்கிறது.

எனக்கும் என் கணவருக்கும் ஹெச்.ஐ.வி. இருந்தது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில் யாருக்கும் தெரியாது. மாதம் ஒரு நாள் லீவ் போட்டுவிட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வருவோம். மாத்திரை தரும் அறை ஒரு கோடியில், பெண்கள் பிரிவு இன்னொரு கோடியில். மாத்திரை அறையில் ஆணுறை கொடுத்து அனுப்புவார்கள். பிள்ளைப் பேச்சை எடுத்தால், அதை அந்தப் பக்கம் கேளுங்கள் என்பார்கள். ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அந்தப் பக்கமும் போனேன். விஷயத்தைச் சொன்னதும் நர்ஸ் குரலைத் தாழ்த்தி, “மொதல்ல உங்க ஒடம்பப் பாத்துக்கங்க. இதுல கொழந்தை எதுக்குங்க?” என்றார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவர் அன்பாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

லைனில் சும்மா விடுவார்களா? பக்கத்து வீட்டு அக்கா தண்ணீர்க் குழாயடியில் பார்க்கும்போதெல்லாம், “இன்னும் ஒண்ணும் விசேசம் இல்லியா?” என்று துளைத்தெடுப்பார். “வெல ஏறட்டுங்க்கா, பெத்துக்கறோம்” என்று தேயிலை மேல் பழியைப் போட்டு நழுவிவிடுவேன். பாழாய்ப் போன விலையும் ஏறவில்லை.

வருடங்கள் ஓடின. ஒரு மாதம் மாத்திரை வாங்கப் போனபோது அந்த அறையில் புதிதாக ஒரு டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். பெண்கள் பிரிவு டாக்டர். இனிமேல் மாத்திரை, பிள்ளைப்பேறு இரண்டையும் இங்கேயே பார்ப்போம் என்றார்கள். இருமல் உண்டா, மாத்திரை விட்டுப்போனதா என்று அவர் கேட்டதற்கெல்லாம் வழக்கமான பதிலைச் சொன்னேன். பிறகு சாதாரணமாக, “கொழந்தை வேணும்னு ஆசை இருக்குங்களா?” என்றார்.

அழுதுவிட்டேன். என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமியின் அளவு நன்றாகக் குறைந்த பிறகு பெற்றுக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. குழந்தைக்குத் தொற்றும் ஆபத்து மிகவும் குறைவு, ஆனால் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது என்பதையும் மறைக்கவில்லை. எனக்கு வேறொரு பயம் இருந்தது.

“புட்டிப்பால்தான் குடுக்கணுங்களா? பத்து மணிக்கு நான் மட்டும் எறங்கிப் போகலைன்னா, ஏன்னு கேப்பாங்க. எல்லாருக்கும் தெரிஞ்சு போயிருமுங்க.”

அவருக்குப் புரியவில்லை. பிள்ளைக்காம்பராவைப் பற்றி விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“நீங்களும் எறங்கிப் போலாங்க. ஆனா மாத்திரை ஒரு நாளும் தவறக் கூடாது. மொத ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்தான், வேற எதையும் சேக்கக் கூடாது. கொழந்தைக்கும் மருந்து தருவோம்.”

மகள் பிறந்தாள். லீவ் முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள், பத்து மணிக்குக் கூடையை இறக்கி வைத்தேன். பாதி வழியில் நம்ப முடியாமல் திரும்பிப் பார்த்தேன். என்னைத் துளைத்தெடுத்த அதே அக்கா என் நிரையில் பறித்துக்கொண்டிருந்தார். “என்னத்தப் பாக்கற? போ, புள்ள அழுவும்!” என்று அங்கிருந்தே கத்தினார்.

கடைசிப் பரிசோதனை வரைக்கும் என் உயிர் என்னிடம் இல்லை. அவளுக்கு நோய் இல்லை என்று சொன்ன அன்று பஸ்ஸில் வழியெல்லாம் அவளை மடியை விட்டு இறக்கவில்லை. குழந்தை வேண்டுமா என்ற அந்தக் கேள்வியை ஆஸ்பத்திரியில் யாராவது முன்பே கேட்டிருந்தால் இன்னொன்றும் பெற்றிருப்பேன். அந்த ஏக்கம் போகவில்லை.

விலை மேலும் விழுந்து, பிள்ளைக்காம்பராவை எப்போதோ பூட்டிவிட்டார்கள். ஆனாலும் பத்து மணியானால் என் கை தானாக நின்றுவிடுகிறது. அந்த டாக்டரம்மா அன்று மாத்திரையைப் பற்றி மட்டும் கேட்டு அனுப்பியிருந்தால், நான் கடைசிவரை பக்கத்து நிரைக்காரியாகவே இருந்திருப்பேன்.